நிறத்திலிருந்து ஓட்டத்துக்கு: குறைமாதக் குழந்தையின் மூளையை ஒளியால் அளந்த வரலாறு

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் மண்டையோடு மிக மெல்லியது. அதை மூடியிருக்கும் தோல் இன்னும் மெல்லியது. ஆறு மாதக் கருவாக வெளியே வந்துவிட்ட குழந்தையின் தலை ஓர் ஆரஞ்சுப் பழ அளவுதான் இருக்கும். வளர்ந்தவரின் நெற்றியில் விளக்கை வைத்தால் ஒளி சில சென்டிமீட்டர் ஆழத்துக்குள் சிதறி அடங்கிவிடுகிறது. இந்தச் சின்னத் தலையிலோ, சரியான நிறத்து ஒளியைச் செலுத்தினால், அதன் மிகச் சிறு பங்கு மூளையைக் கடந்து மறுபக்கத்துக்கே வந்து சேர்கிறது. தோலைக் கீறாமல், ஒரு சொட்டு இரத்தம் எடுக்காமல், மூளைக்கு இரத்தம் எப்படிப் போய்வருகிறது என்று அறியும் முயற்சிகள் அனைத்தும் இந்த உடற்கூற்று உண்மையின் மேல்தான் எழுந்தன.

அப்படி அறிய வேண்டிய அவசரம் அந்த மூளையின் அமைப்பிலேயே இருக்கிறது. மூளையின் நடுவிலுள்ள நீர் அறைகளின் ஓரத்தில், புதிய நரம்பணுக்கள் பிறக்கும் ஒரு படலம் உண்டு. நிறைமாதம் நெருங்கும்போது அது சுருங்கி மறைந்துவிடும். அதற்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டால், அந்தப் படலத்தின் வலுவற்ற நுண்குழாய்கள் உடையக்கூடும். பெரும்பாலான கசிவுகள் பிறந்த முதல் மூன்று நாட்களுக்குள் நேர்கின்றன. 1978இல் நியூ மெக்சிகோவில் லூ-ஆன் பப்பைல் குழுவினர், 1,500 கிராமுக்குக் குறைந்த எடையுடன் பிறந்த 46 குழந்தைகளை சி.டி. ஸ்கேன் செய்து பார்த்தபோது 20 பேருக்கு மூளைக்குள் இரத்தக் கசிவு இருந்தது. அடுத்த ஆண்டு கோபன்ஹேகனில் ஹான்ஸ் லூ, நீல்ஸ் லாசன், பென்ட் பிரீஸ்-ஹான்சன் ஆகியோர் அதற்கான ஒரு காரணத்தை முன்வைத்தனர். நலமாயிருக்கும் மூளை, உடலின் இரத்த அழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் தனக்கு வேண்டிய ஓட்டத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும். மூச்சுக்குத் திணறும் பச்சிளங்குழந்தையிடம் அந்தத் தற்காப்பு தளர்ந்துபோகிறது. அழுத்தம் சரிந்தால் ஓட்டமும் சரிகிறது, அழுத்தம் எகிறினால் ஓட்டமும் எகிறுகிறது.

இதைக் கண்டுபிடிக்க அவர்கள் பயன்படுத்தியது ஸெனான்-133 என்ற கதிரியக்க வாயு. அது உண்மையான ஓட்டத்தை அளந்தது. ஆனால் அடுத்தடுத்துச் செய்யக்கூடிய சோதனை அல்ல. உச்சிக்குழி வழியாகப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் அதே காலத்தில் வந்தது. அது கசிவை நன்றாகக் காட்டியது, ஆனால் கசிவு நேர்ந்த பிறகு. டாப்ளர் முறை ஒரு பெரிய தமனிக்குள் இரத்தம் செல்லும் வேகத்தைச் சொன்னது. திசுவுக்குள் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்லவில்லை. இரத்தம் எடுத்துப் பார்ப்பதற்கும் எல்லை உண்டு: ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்தமாக ஓடுவதே 100 மில்லிலிட்டருக்கும் குறைவான இரத்தம். மணிக்கணக்காக, ஓயாமல், தொந்தரவு தராமல் அளக்கும் ஒன்று தேவைப்பட்டது. அந்த இடத்தை ஒளிதான் நிரப்ப முடிந்தது.

தலைக்குள் ஒளி புகும் என்பது பழைய செய்தி. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், மூளையில் நீர் கோத்த ஒரு நோயாளியின் தலைக்குப் பின்னால் மெழுகுவத்தி வைத்தால் தலை ஒளிர்வதை 1831இல் பதிவு செய்தார். 1970களில் அமெரிக்க மருத்துவர்கள் குளிர் ஒளிவிளக்கைக் குழந்தையின் மார்பில் வைத்து, நுரையீரலுக்கு வெளியே காற்று கசிந்திருக்கிறதா என்று கண்ணாலேயே கண்டறிந்தனர். ஆனால் ஒளிர்கிறதா என்று பார்ப்பது வேறு, அந்த ஒளியிலிருந்து ஓர் எண்ணைப் பெறுவது வேறு. எண்ணுக்கு அடிப்படை இரத்தத்தின் நிறம். ஜெர்மனியில் பெலிக்ஸ் ஹோப்பே-சைலர் 1862இல் இரத்தச் சிவப்புப் பொருளின் ஒளி உறிஞ்சும் பட்டைகளைக் கண்டார்; 1864இல் அதற்கு ஹீமோகுளோபின் என்று பெயரிட்டவரும் அவரே. அதே 1864இல் கேம்பிரிட்ஜின் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், ஆக்சிஜன் ஏறியபோதும் இறங்கியபோதும் அந்தப் பட்டைகள் மாறுகின்றன என்று காட்டினார். ஆக்சிஜன் உள்ள இரத்தம் பளிச்சென்ற சிவப்பு, இழந்த இரத்தம் கருஞ்சிவப்பு. இரண்டு அலைநீளங்களில் ஒளியை அளந்தால் இரண்டின் விகிதத்தையும் கணக்கிடலாம்.

அந்தக் கணக்கை உயிருள்ள உடலில் போட்டுப் பார்த்தவர் லைப்ஸிக் நகரின் கார்ல் மத்தேஸ். 1935இல் காது மடலினூடே ஒளியைச் செலுத்தி ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து பதிவு செய்தார். இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானிகள் மயங்கி விழுவதைத் தடுக்க, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிளென் மில்லிகன் எடை குறைந்த காதுக் கருவி ஒன்றைச் செய்தார். ஆக்சிமீட்டர் என்ற பெயர் அவர் இட்டது. ஆனால் காதைச் சூடாக்க வேண்டும், அழுத்தி இரத்தத்தை வெளியேற்றிப் பூஜ்யம் பார்க்க வேண்டும். பிஞ்சுக் காதுக்கு அது பொருந்தவில்லை.

ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பொறியாளராயிருந்த தகுவோ ஆவோயாகி தேடியது ஆக்சிஜனை அல்ல, இரத்த ஓட்டத்தை. சாயத்தைச் செலுத்தி, அது காதைக் கடக்கும் விதத்தை ஒளியால் பார்த்து, இதயம் நிமிடத்துக்கு எவ்வளவு இரத்தம் தள்ளுகிறது என்று கணக்கிட விரும்பினார். நாடித் துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அதை நீக்க இரண்டு அலைநீளங்களைப் பயன்படுத்தியபோதுதான், துடிக்கும் பகுதி தமனி இரத்தத்தால் மட்டுமே வருவது என்பதும், அதிலிருந்து தமனியின் ஆக்சிஜனைத் தனியே பிரிக்கலாம் என்பதும் அவருக்குப் புலப்பட்டன. 1974இல் பல்ஸ் ஆக்சிமீட்டர் பிறந்தது. ஓட்டத்தைத் தேடிப் போனவருக்கு நிறம் கிடைத்தது. குழந்தைகளின் மூளையில் பின்னர் நடந்தது இதன் தலைகீழ்: நிறத்தை அளந்தவர்கள் அதிலிருந்து ஓட்டத்தைப் பெற முப்பது ஆண்டுகளுக்கு மேல் போராடினார்கள்.

ஆக்சிஜனை அளக்க முடியாத காலத்தில் குறைமாதக் குழந்தைகள் கொடுத்த விலை பெரியது. இன்குபேட்டருக்குள் தாராளமாக ஆக்சிஜன் நிரப்புவது 1940களில் நல்ல மருத்துவமாகக் கருதப்பட்டது. 1942இல் பாஸ்டனின் தியோடர் டெர்ரி, இத்தகைய குழந்தைகளின் கண்ணில் வில்லைக்குப் பின்னால் வளரும் ஒரு வெண்படலத்தை விவரித்தார். அதற்கும் ஆக்சிஜனுக்கும் தொடர்புண்டு என்று மெல்போர்னின் கேட் கேம்பெல் 1951இல் சுட்டினார். அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து 1953–54இல் நடத்திய சோதனை அதை உறுதி செய்தது. அதற்குள் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தனர். உடனே ஆக்சிஜன் கடுமையாகக் குறைக்கப்பட்டது. இப்போது மூச்சின்றி இறப்பவர்கள் கூடினர். காப்பாற்றப்பட்ட ஒவ்வொரு பார்வைக்கும் சுமார் 16 உயிர்கள் போயிருக்கலாம் என்று பிரிட்டனின் கென்னத் கிராஸ் 1973இல் மதிப்பிட்டார். மிகுதியும் குறைவும் ஒருங்கே கொல்லும் ஒரு மருந்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுத்த காலம் அது. 1970களில் மார்பர்க்கில் ரெனாட்டே, ஆல்பர்ட் ஹூக் தம்பதியர் உருவாக்கிய தோல்மேல் மின்வாய் முதல் தொடர் அளவீட்டைத் தந்தது. ஆனால் அதை 43, 44 டிகிரிக்குச் சூடாக்கி, தோல் புண்ணாகாமல் சில மணிக்கொரு முறை இடம் மாற்ற வேண்டியிருந்தது. 1980களில் பல்ஸ் ஆக்சிமீட்டர் பாதத்தில் ஒட்டப்பட்டபோதுதான் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அதுவும் சொன்னது காலில் ஓடும் தமனி இரத்தத்தின் நிலை. மூளையின் நிலை அல்ல.

மூளைக்கான வாசலைத் திறந்தவர் வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்த பிரான்ஸ் யோப்சிஸ் என்ற உடலியங்கியலாளர். இரவு உணவின்போது ஒரு தட்டையான மாட்டெலும்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்ததில் சிவப்பு ஒளி அதனூடே வந்ததைக் கவனித்ததாக அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். எலும்பைச் சிவப்பு கடக்குமானால், அதற்கு அடுத்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு இன்னும் எளிதாகக் கடக்க வேண்டும். ஏறத்தாழ 650 நானோமீட்டருக்குக் கீழே ஹீமோகுளோபின் ஒளியை விழுங்குகிறது. 950க்கு மேலே தண்ணீர் விழுங்குகிறது. இடையில் உள்ள இடைவெளியில் உடல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருளாகிறது. நல்வாய்ப்பாக அதே இடைவெளியில்தான் இரு வகை ஹீமோகுளோபினும் வேறுபட்டுத் தெரிகின்றன: 760 நானோமீட்டரில் ஆக்சிஜன் இழந்தது மிகுதியாக உறிஞ்சுகிறது, 800ஐ ஒட்டி இரண்டும் சமம், அதற்கு மேல் ஆக்சிஜன் ஏறியது முந்துகிறது. 1977 டிசம்பரில் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த யோப்சிஸின் கட்டுரை இந்தத் துறையின் பிறப்புச் சான்று. அவருடைய முதன்மை நாட்டம், செல்லுக்குள் ஆக்சிஜனைச் செலவிடும் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் என்ற நொதி. அது ஹீமோகுளோபினைவிட மிகக் குறைந்த அளவே இருப்பதால், அதன் சமிக்ஞையை நம்பலாமா என்ற வாதம் பல பத்தாண்டுகள் நீடித்தது.

டியூக்கிலேயே ஜேன் பிரேஸி, யோப்சிஸுடன் சேர்ந்து குறைமாதக் குழந்தைகளிடம் இம்முறையைப் பயன்படுத்தி 1985இல் முதல் பதிவுகளை வெளியிட்டார். மறு ஆண்டு லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியிலிருந்து 'லான்செட்' இதழில் வந்த கட்டுரை, மாற்றங்களின் திசையை மட்டும் காட்டிய கருவியை அளவு சொல்லும் கருவியாக ஆக்கியது. அங்கே ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் என்ற பச்சிளங்குழந்தை மருத்துவரும் டேவிட் டெல்பி என்ற இயற்பியலாளரும் ஒரே குழுவாக வேலை செய்தனர். ஜான் வயாட், மார்க் கோப், சூசன் ரே ஆகியோர் உடனிருந்தனர். தலையின் ஒரு புறம் லேசர் ஒளியைச் செலுத்தும் கண்ணாடி இழை, மறுபுறம் நுண்ணொளியையும் உணரும் குழாய். இன்குபேட்டரின் பக்கத்திலேயே அளவு கிடைத்தது. மருத்துவமனைக் கட்டிலருகே இயற்பியலாளர் நின்ற அந்த ஏற்பாடு இல்லாமல் இத்துறை இவ்வளவு வேகமாக வளர்ந்திருக்காது.

அவர்கள் முன் நின்ற பெரிய சிக்கல் தூரம். தெளிந்த கரைசலில் ஒளி நேராகச் செல்வதால் எவ்வளவு தூரம் கடந்தது என்பது தெரியும். மூளைத் திசுவில் ஒளி எண்ணற்ற முறை சிதறி, வளைந்து வளைந்து வெளியே வருகிறது. கடந்த தூரம் தெரியாமல் செறிவைக் கணக்கிட முடியாது. டெல்பி குழு 1988இல், ஒரு நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டு அளக்கும் லேசரையும் கேமராவையும் கொண்டு, ஒளித்துடிப்பு திசுவைக் கடக்க எடுக்கும் நேரத்தையே அளந்தது. நேரத்திலிருந்து தூரம் கிடைத்தது. இறந்துபோன குழந்தைகளின் தலைகளில் அளந்தபோது, ஒளி உண்மையில் பயணம் செய்த தூரம் நேர்த் தூரத்தைப் போல் ஏறத்தாழ 4.4 மடங்கு என்று தெரிந்தது.

இதன் பிறகு வந்ததுதான் நிறத்திலிருந்து ஓட்டத்தைப் பெற்ற முதல் உத்தி. ஓர் உறுப்பில் ஒரு பொருள் சேரும் வேகம், இரத்தம் அதைக் கொண்டுவரும் வேகத்தைப் பொறுத்தது என்று அடால்ஃப் ஃபிக் 1870இல் வகுத்த விதி அதற்கு அடிப்படை. வழக்கமாக அதற்குச் சாயமோ கதிரியக்கப் பொருளோ தேவை. டேவிட் எட்வர்ட்ஸும் சக ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட முறையில், சாயத்தின் வேலையை ஆக்சிஜனே செய்தது. குழந்தை சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைச் சட்டென்று சிறிது கூட்டினால், சில நொடிகளில் பளிச்சென்ற இரத்தம் மூளைக்குள் நுழையும். அது சிரை வழியே வெளியேறத் தொடங்குமுன், அந்தச் சில நொடிகளுக்குள் மூளையின் நிறம் எவ்வளவு விரைவாக மாறுகிறது என்று பார்த்தால் ஓட்டம் தெரிந்துவிடும். 100 கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு 7 முதல் 33 மில்லிலிட்டர் வரை அளவுகள் வந்தன. நடு அளவு 18. வளர்ந்தவர்களுக்கு இது 50 அளவில் இருக்கும். 10ஐ ஒட்டி இறங்கினால் அவர்களுடைய மூளைத் திசு அழியத் தொடங்கும். குறைமாத மூளை அவ்வளவு சிறிய ஓட்டத்திலும் பிழைத்திருக்கிறது என்பது அந்நாளில் நம்புவதற்கே கடினமான செய்தி. ஸெனான் முறையில் கோபன்ஹேகனின் கோர்ம் கிரைசன் பெற்ற அளவுகளும் அதையே சொல்லியிருந்தன.

உத்தி அழகானது, ஆனால் ஏற்கெனவே ஆக்சிஜன் முழுமையாக நிறைந்த குழந்தையிடம் அது செல்லாது, நுரையீரல் மிகவும் பழுதான குழந்தையிடமும் செல்லாது. கிடைப்பது ஒரு கணத்தின் அளவு மட்டுமே. தொடர் கண்காணிப்பு அல்ல. இருந்தும் அதனால் கைமேல் பலன் கிடைத்தது. பிறந்த பின் மூட வேண்டிய இதயத்தருகு நாளம் மூடாதபோது கொடுக்கப்பட்ட இண்டோமெதசின் என்ற மருந்து, மூளைக்குச் செல்லும் இரத்தத்தையும் கடுமையாகக் குறைக்கிறது என்று 1990இல் ஒளியளவீடு காட்டியது. அதே வேலையைச் செய்யும் ஐபுபுரோஃபென் அப்படிக் குறைப்பதில்லை என்பதையும் அடுத்த பத்தாண்டில் அதே முறை காட்டிற்று. மருந்தைத் தேர்ந்தெடுக்கும் மருத்துவருக்கு இது நேரடியாக உதவும் அறிவு.

ஒளி பதில் சொன்ன இன்னொரு கேள்வி வலி பற்றியது. குறைமாதக் குழந்தையின் நரம்புகள் முதிராதவை, எனவே அதற்கு வலி உறைக்காது என்ற நம்பிக்கையில், போதிய மயக்க மருந்து இன்றியே அறுவை சிகிச்சைகள் 1980கள் வரை நடந்தன. அந்த நம்பிக்கையை ஆக்ஸ்ஃபோர்டில் கே.ஜே.எஸ். ஆனந்த் 1987இல் ஹார்மோன் அளவுகளைக் கொண்டு அசைத்திருந்தார். 2006இல் லண்டனின் ரெபெக்கா ஸ்லேட்டர் குழுவினர், குதிகாலில் இரத்தம் எடுக்கக் குத்தும்போது குழந்தைகளின் மூளைப் புறணியில் இரத்தம் கூடுவதை ஒளியால் பதிவு செய்தனர். அவர்களில் 25 வாரக் குழந்தையும் உண்டு. சிகிச்சைக்காக எப்படியும் செய்ய வேண்டிய குத்தல்களின்போதே அளந்தார்கள். சோதனைக்கென்று யாரையும் குத்தவில்லை.

அழுத்தத்தின் பின்னாலேயே ஓட்டம் இழுபடுகிறது என்ற 1979ஆம் ஆண்டுக் கூற்று, ஒளியின் மூலம் தொடர் பதிவாக மீண்டும் வந்தது. பாஸ்டனில் மசாஹிரோ சுஜி, அட்ரே டு பிளெசி, ஜோசப் வோல்ப் ஆகியோர் 32 குழந்தைகளின் இரத்த அழுத்தத்தையும் மூளையின் ஆக்சிஜன் சமிக்ஞையையும் ஒருசேரப் பதிந்து 2000இல் வெளியிட்டனர். 17 பேரிடம் இரண்டும் கைகோத்து ஏறி இறங்கின. அவர்களில் 8 பேருக்குக் கடுமையான மூளைப் பாதிப்பு ஏற்பட்டது. மற்ற 15 பேரில் 2 பேருக்கு மட்டுமே. யாருக்கு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்ல ஒளியால் முடியலாம் என்ற நம்பிக்கை இங்கிருந்து வலுப்பெற்றது.

இதற்கிடையில் கருவிகள் சந்தைக்கு வந்திருந்தன. ஜப்பானின் ஹமமாட்சு நிறுவனம் லண்டன் குழுவுடன் சேர்ந்து நீரோ வரிசையை உருவாக்கியது; அமெரிக்காவில் சோமனெட்டிக்ஸ் நிறுவனத்தின் இன்வோஸ் கருவி முதலில் வளர்ந்தவர்களின் அறுவை அரங்குக்கென வந்தது. ஒளி புகும் இடத்திலிருந்து வெவ்வேறு தொலைவில் இரண்டு உணரிகளை வைத்தால், மாற்றத்தை மட்டுமல்ல, திசுவின் ஆக்சிஜன் நிறைவையே நூற்றுக்கு இத்தனை என்று சொல்லலாம். நெற்றியில் ஒட்டும் சிறு பட்டை, திரையில் ஓர் எண்: செவிலியர் கையாள எளிது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் இதை அன்றாட வழக்கமாக்கி, 999 குறைமாதக் குழந்தைகளின் முதல் மூன்று நாள் அளவுகளை 2016இல் தொகுத்தளித்தனர். ஆனால் எளிமைக்குள் ஒரு குழப்பம் ஒளிந்திருந்தது. ஒரே குழந்தையிடம் வேறு நிறுவனத்தின் கருவி வேறு எண்ணைக் காட்டியது. ஒரே கருவியில்கூடக் குழந்தைகளுக்கான பட்டை, பெரியவர்களுக்கான பட்டையைவிட ஏறத்தாழ 10 புள்ளிகள் கூடுதலாகக் காட்டியது. ஒளியை உறிஞ்சும் இன்னொரு பொருளான தோலின் நிறமியும் கணக்கில் சேர வேண்டியது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரே கருந்தோல் கொண்டவர்களின் ஆக்சிஜன் குறைவைத் தவறவிடுவது அமெரிக்க வயதுவந்த நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியக் குழந்தைகளுக்குக் கருவி வாங்கும் எவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

இத்தனைக்கும் அந்த எண் ஓட்டத்தைச் சொல்வதில்லை. திசுவில் ஆக்சிஜன் குறைந்தால் வரத்து குறைந்திருக்கலாம், செலவு கூடியிருக்கலாம், இரத்தத்தில் ஹீமோகுளோபினே குறைந்திருக்கலாம். ஓட்டத்தை நேரடியாகக் காணும் வழி வேறொரு துறையிலிருந்து வந்தது. பால் போன்ற கலங்கல் திரவத்தில் லேசர் ஒளி சிதறும்போது தோன்றும் புள்ளிக்கோலம், உள்ளே துகள்கள் நகர்வதற்கேற்ப மினுமினுக்கும். டேவிட் பைன், டேவிட் வெய்ட்ஸ் முதலியோர் 1988இல் அந்த மினுமினுப்பிலிருந்து துகள்களின் அசைவைக் கணக்கிட்டனர். பென்சில்வேனியாவில் டேவிட் போவாஸ், அர்ஜுன் யோத் ஆகியோர் 1995இல் அதை உயிர்த்திசுவைப் போன்ற அமைப்புகளுக்கு விரித்தனர். திசுவில் நகரும் துகள்கள் சிவப்பணுக்கள்தான். அவை வேகமாக ஓடினால் மினுமினுப்பும் வேகமாகும். பரவல் ஒளித் தொடர்பு அளவீடு எனப்படும் இம்முறைக்குச் சாயம் வேண்டாம், சுவாசிக்கும் காற்றை மாற்ற வேண்டாம். 2009, 2010 ஆண்டுகளில் குறைமாதக் குழந்தைகளிடம் செய்த அளவீடுகள் வெளிவந்தன. அவற்றுள் பாஸ்டன் குழுவினர் நதாலி ரோஷ்-லபார்ப், மரியா ஆஞ்செலா ஃபிரான்செஸ்கினி, எலன் கிராண்ட் முதலியோர் முதல் ஆறு வாரங்களுக்குத் தொடர்ந்து அளந்தது முக்கியமானது. மூளை வளர வளர, ஓட்டமும் ஆக்சிஜன் செலவும் வாரம்தோறும் ஏறின. திசுவின் ஆக்சிஜன் நிறைவில் அந்த ஏற்றம் தெரியவில்லை; அது மெல்ல இறங்கியது. வரத்தும் செலவும் சேர்ந்தே கூடும்போது நிறம் அந்த ஏற்றத்தைக் காட்டுவதில்லை. நிறத்தை மட்டும் பார்த்திருந்தால் அந்த வளர்ச்சி கண்ணில் பட்டிருக்காது.

கண்காணிப்பதால் குழந்தைகள் பிழைக்கிறார்களா என்ற கேள்விக்கு விடை தேடும் பொறுப்பைக் கோபன்ஹேகனிலிருந்து கிரைசன் தலைமையிலான குழு ஏற்றது. 'சேஃப்பூஸ்க்' என்ற அந்தச் சோதனையின் இரண்டாம் கட்டம் 8 ஐரோப்பிய நாடுகளில், 28 வாரங்களுக்கு முன் பிறந்த 166 குழந்தைகளிடம் நடந்தது. மூளையின் ஆக்சிஜன் 55 முதல் 85 விழுக்காட்டுக்குள் நிற்கும்படி சிகிச்சையைச் சரிசெய்தபோது, எல்லைக்கு வெளியே கழிந்த சுமை 58 விழுக்காடு குறைந்தது என்று 2015இல் அறிவித்தனர். மூன்றாம் கட்டம் 17 நாடுகளில் 1,601 குழந்தைகளைச் சேர்த்தது. முதல் 72 மணி நேரம் ஒளியின் வழிகாட்டுதலில் சிகிச்சை. 2023 ஏப்ரலில் முடிவு வந்தது. இறப்போ கடுமையான மூளைப் பாதிப்போ நேர்ந்தவர்கள், கண்காணிக்கப்பட்ட பிரிவில் 35.2 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 34.0 விழுக்காடு. பயன் தெரியவில்லை. அதே ஆண்டில் வெளிவந்த ஆஸ்திரியாவின் கிராட்ஸ் குழுவின் சோதனை, பிறந்த முதல் 15 நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொண்டது. 607 குழந்தைகளில், மூளைப் பாதிப்பின்றிப் பிழைத்தவர்கள் கண்காணிக்கப்பட்ட பிரிவில் 82.9 விழுக்காடு, மற்றதில் 78.5, நம்பிக்கை தரும் வேறுபாடு, ஆனால் தற்செயல் என்பதை விலக்கும் அளவுக்குப் பெரியதல்ல. இரண்டு சோதனைகளும் சோதித்தது திசுவின் ஆக்சிஜன் எண்ணை, ஓட்டத்தை அல்ல. ஓட்டத்தை அளக்கும் லேசர் கருவிகள் இன்னும் பெரும்பாலும் ஆய்வுக் குழுக்களின் தள்ளுவண்டிகளிலேயே இருக்கின்றன. அவை ஓர் ஒப்பீட்டுக் குறியெண்ணைத் தருகின்றனவே அன்றி, 1988இல் கிடைத்ததுபோல் மில்லிலிட்டர் கணக்கைத் தாமாகத் தருவதில்லை.